மாலை ஆறு மணியின் கணக்கு: கேரளத்தின் ஆற்றல் ஆலோசகர்கள்

ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும், அதில் எவ்வளவை உற்பத்தி செய்யாமலே மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் ஆற்றல் ஆலோசகர். ஒரு தொழிற்சாலைக்கோ மருத்துவமனைக்கோ அவர் வேலை செய்யும்போது மின்கட்டணம் குறைகிறது. அரசுக்கு வேலை செய்யும்போது அவர் யோசனை சட்டமாகவும் கட்டண விகிதமாகவும் மாறி, எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. இந்தத் தொழில் இந்தியாவில் எப்படி உருவானது, அதன் கருத்துகள் கொள்கைக்குள் எப்படி நுழைந்தன என்று பார்க்கத் திருவனந்தபுரம் ஏற்ற இடம். கேரள மின்வாரியத்தின் தலைமையகமான வைத்யுதி பவனம் பட்டம் பகுதியில் இருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் வெள்ளையம்பலத்திலும், ஆற்றல் மேலாண்மை மையம் ஸ்ரீகாரியத்திலும் இருக்கின்றன. காற்று, சூரியன் போன்ற மரபுசாரா ஆற்றலுக்காக 1986-ல் தொடங்கப்பட்ட அனெர்ட் நிறுவனமும் இதே நகரில்தான். பொருளாதார நோக்கில் கேள்வி கேட்கும் வளர்ச்சி ஆய்வு மையம் பிரசாந்த் நகரில் இருக்கிறது.

கேரளத்தில் நிலக்கரி கிடையாது. மழையும் மலையும் உண்டு. அதனால் அங்கே மின்சாரம் என்றால் நீண்ட காலம் நீர்மின்சாரம்தான். திருவனந்தபுரம் நகருக்கு 1929-ல் அனல் இயந்திரங்களால் மின்விளக்கு வந்தது. தம்பானூரை ஒட்டிய பவர்ஹவுஸ் சாலை அந்த மின்நிலையத்தின் நினைவை இன்றும் தன் பெயரில் வைத்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் மூணாறை அடுத்த பள்ளிவாசலில் 1940-ல் இயங்கத் தொடங்கியது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1957-ல் மின்வாரியம் அமைந்தது. 1976-ல் பெரியாற்றின் குறுக்கே குறவன், குறத்தி மலைகளை இணைக்கும் வளைவு அணையோடு இடுக்கி நிலையம் வந்தது; அதன் திறன் பின்னர் 780 மெகாவாட்டாக உயர்ந்தது. அந்தக் காலத்தில் கேரளம் பக்கத்து மாநிலங்களுக்கே மின்சாரம் விற்றது. அடுத்தடுத்து அணை கட்டிக்கொண்டே போனால் போதும் என்ற நம்பிக்கை பொறியாளர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் வேரூன்றியிருந்தது.

அந்த நம்பிக்கையை முதலில் எண்களால் சோதித்த ஆவணம் 1979-ல் வந்தது. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழா ஓடும் அமைதிப் பள்ளத்தாக்கில் 120 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்குத் திட்டக்குழு 1973-லேயே ஒப்புதல் தந்திருந்தது. அந்த மழைக்காடு அழிந்துவிடும் என்று இயற்கை ஆர்வலர்கள் குரல் எழுப்பினார்கள். கவிஞர் சுகதகுமாரி அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்தார். காட்டுக்காக வாதாடுவது உணர்ச்சி, மின்சாரத்துக்காக வாதாடுவது அறிவியல் என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லிவந்தார்கள். அந்த வாதத்தை, அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வெளியிட்ட மதிப்பீடு உடைத்தது. எழுதியவர்கள் ஐந்து பேர்: தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், அணுப் பொறியாளர் எம்.பி. பரமேஸ்வரன், மின்பொறியாளர் வி.கே. தாமோதரன், வேளாண் அறிவியலாளர் கே.என். சியாமசுந்தரன் நாயர், பொருளியலாளர் கே.பி. கண்ணன். காட்டைப் பற்றிய வாதத்தோடு மின்சாரக் கணக்கையும் சேர்த்தே அவர்கள் பரிசீலித்தார்கள். இந்தத் திட்டம் தரும் மின்சாரம் மாநிலத் தேவையில் எவ்வளவு சிறிய பங்கு, மலபாரின் குறைந்த மின்னழுத்தத்துக்குக் காரணம் உற்பத்திக் குறைவா அல்லது தெற்கிலிருந்து வடக்கே மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பித்தடத்தின் குறையா, அதே பணத்தை வேறு வழியில் செலவிட்டால் என்ன கிடைக்கும், பாசன வாக்குறுதியை வேறு எப்படி நிறைவேற்றலாம் என்றெல்லாம் கேட்டார்கள்.

இன்று ஓர் ஆற்றல் ஆலோசனை நிறுவனம் பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அது. அதை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஓர் அறிவியல் இயக்கத்துக்காகச் செய்தார்கள். வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்து மாறாத கணக்கு அது. அதனால்தான் எதிர்த்தரப்பாலும் அதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. மத்திய அரசு அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு அமைத்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஐவரில் தாமோதரனின் பிற்காலப் பணி, ஆற்றல் ஆலோசகர் என்ற தொழில் கேரளத்தில் எடுத்த வடிவத்தைக் காட்டுகிறது. மின்பொறியியல் பேராசிரியரான அவர், ஆற்றல் மேலாண்மை மையத்தை உருவாக்கி நடத்தியவர்களில் ஒருவர். ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு திருவனந்தபுரத்தில் நடத்திய சிறு நீர்மின் மையத்தின் பணியிலும் அவர் பங்கு இருந்தது. பெரிய அணையை எதிர்த்தவர் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பதை எதிர்க்கவில்லை. ஓடையின் போக்கை அதிகம் மாற்றாமல், காட்டை மூழ்கடிக்காமல் எடுக்கும் சிறிய நிலையங்களை வளர்க்கவே பாடுபட்டார். தூய ஆற்றல் என்பது எரிபொருளை மட்டும் பொறுத்தது, இடத்தையும் அளவையும் பொறுத்தது இல்லை என்று நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

பரிஷத் எதிர்ப்போடு நிற்கவில்லை. எண்பதுகளில் அதன் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ப் புகையில்லா விறகடுப்பு கட்டித் தந்தார்கள். கேரளத்தில் அதற்கு இன்றும் பரிஷத் அடுப்பு என்றே பெயர். அதே இயக்கம் பரப்பியது சூடாறாப் பெட்டி. அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டுப் பாத்திரத்தோடு தெர்மக்கோல் பெட்டிக்குள் வைத்து மூடினால், உள்ளே இருக்கும் வெப்பத்திலேயே சோறு வெந்துவிடும். விறகோ கேஸோ நிறைய மிச்சம். மின்சாரத்தைப் பற்றி மட்டும் பேசும் ஆலோசகர்கள் அடுப்பை மறந்துவிடுவது வழக்கம். வீட்டின் ஆற்றல் செலவில் சமையலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதையும், அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பெண்கள் என்பதையும் கேரளத்தில் முன்னுக்குக் கொண்டுவந்தது இந்த இயக்கம்.

இதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி இன்னும் விரிவான அடித்தளம் அமைத்துக்கொண்டிருந்தார். மின்வேதியியலாளரான அவர் 1974-ல் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்காக அஸ்த்ரா என்ற பிரிவைத் தொடங்கியவர். மக்களுக்கு வேண்டியது யூனிட் இல்லை, வெளிச்சம், வெந்த சோறு, வயலில் தண்ணீர் ஆகிய பயன்கள்தான் என்பது அவர் வாதத்தின் மையம். ஒவ்வொரு பயனுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு ஆற்றல் போதும் என்று கீழிருந்து கணக்கிட்டால், கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியை அப்படியே நீட்டி வரையும் அரசாங்க மதிப்பீட்டைவிடத் தேவை மிகக் குறைவாக வரும் என்று கர்நாடக மாநிலத்துக்குக் கணக்கிட்டுக் காட்டினார். இந்திய ஆற்றல் ஆலோசகர்களில் பொதுநலனை முன்வைத்தவர்கள் பலரும் அவர் வழி வந்தவர்களே.

கேரள அரசு அந்த வழியில் உடனே போய்விடவில்லை. தொண்ணூறுகளில் மழை குறைந்த ஆண்டுகளில் மாநிலம் மணிக்கணக்கான மின்வெட்டைச் சந்தித்தது. அவசரத் தீர்வாக எண்ணெயில் ஓடும் நிலையங்கள் வந்தன: பிரம்மபுரத்திலும் கோழிக்கோட்டிலும் டீசல், காயங்குளத்தில் நாப்தா. தேசிய அனல்மின் கழகத்தின் காயங்குளம் நிலையம் ஏறத்தாழ 360 மெகாவாட் திறனுடன் 1999-ல் முழுமையடைந்தது. நாப்தாவின் விலை ஏறியதும் அங்கே உற்பத்தியாகும் யூனிட்டை வாங்குவது கட்டுப்படியாகவில்லை. நிலையம் ஓடாமல் கிடந்த ஆண்டுகளிலும் ஒப்பந்தப்படி நிலையான செலவை மின்வாரியம் கொடுக்க வேண்டியிருந்தது. எரிபொருள் விலை எப்படிப் போகும் என்று ஆராயாமல் திறனை மட்டும் பார்த்து எடுத்த முடிவுக்கு மக்கள் நெடுங்காலம் விலை கொடுத்தார்கள். பின்னாளில் 2022-ல் அந்த வளாகத்தின் நீர்ப்பரப்பிலேயே 92 மெகாவாட் மிதக்கும் சூரியமின் நிலையம் முழு அளவில் செயல்பட்டது.

ஆற்றல் மேலாண்மை மையம் 1996-ல் தொடங்கப்பட்டபோது ஆற்றலைச் சேமிக்கச் சொல்லும் சட்டமே இந்தியாவில் இல்லை. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-ல் நிறைவேறியது. அதன்படி ஆற்றல் திறன் செயலகம் 2002 மார்ச் மாதம் தில்லியில் அமைந்தது. நட்சத்திர முத்திரை ஒட்டிய ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் கடைக்கு வந்தது அதன் மூலமாகத்தான். ஆற்றல் மேலாளர், ஆற்றல் தணிக்கையாளர் என்ற இரண்டு தகுதிகளுக்கும் தேசியத் தேர்வு வந்தது. மேலாளருக்கு மூன்று தாள்கள், தணிக்கையாளருக்கு நான்கு. கொதிகலன், நீராவி, மோட்டார், பம்ப், கம்ப்ரஸர், விளக்கு ஆகிய எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும். பட்டயமோ பட்டமோ இருந்தால் மட்டும் போதாது. ஆலையில் வேலை பார்த்த ஆண்டுகளும் வேண்டும். கேரளம் 2011-ல் இன்னொரு படி போய், உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருப்பவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆற்றல் தணிக்கை செய்வதைக் கட்டாயமாக்கியது. ஆலோசகர் என்ற வேலைக்கு அங்கே நிலையான சந்தை உருவானது இப்படித்தான்.

தணிக்கையாளரின் வேலை மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்குகிறது. ஓராண்டின் ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒப்பந்தம் செய்த தேவைக்கும் உண்மையில் தொட்ட உச்சத்துக்கும் உள்ள இடைவெளி தெரியும். திறன் காரணி குறைந்திருந்தால் அபராதம் போய்க்கொண்டிருக்கும். மின்தேக்கி பொருத்தினால் அது நிற்கும். அடுத்து ஆலைக்குள் போக வேண்டும். காற்றழுத்தக் குழாயில் சீறிக்கொண்டிருக்கும் ஓட்டைகள், ஆவி கசியும் வால்வுகள், உறைபோடாத வெந்நீர்க் குழாய்கள், அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்கிப்போட்ட மோட்டார்கள் ஆகியவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கும்.

பம்பும் விசிறியும் தனிக் கதை. சுழலும் வேகத்தைக் குறைத்தால் அவை இழுக்கும் மின்சாரம் அதே விகிதத்தில் குறைவதில்லை. வேகத்தின் முப்படியில் குறைகிறது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வால்வைப் பாதி மூடித் தண்ணீரைக் கட்டுப்படுத்துபவர் அந்தப் பாதியை வால்வில் வீணடிக்கிறார். குழாயின் உராய்வை எதிர்த்தே பெரும்பாலும் ஓடும் பம்புகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினால் போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். குடிநீர் வாரியங்களும் பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அறைகளும் இந்த ஒரு விதியை மதித்தாலே மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இவ்வளவு தெளிவான லாபம் இருந்தும் பல அறிக்கைகள் அலமாரியில் தூங்குகின்றன. அறிக்கை கேட்பது சட்டப்படி கட்டாயம். அதில் சொன்னதைச் செய்வதை யாரும் துரத்திக் கேட்பதில்லை. கொள்கையின் பெரிய ஓட்டை இதுதான்.

கட்டடமும் ஆற்றல்தான் என்பதைத் திருவனந்தபுரத்துக்குக் கற்றுத் தந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனான அந்தக் கட்டடக் கலைஞர், வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை எழுபதுகளில் கட்டினார். பூசாத செங்கல் சுவர், காற்று நுழையும் துளைச் சுவர், கான்கிரீட் கூரையின் நடுவே ஓடு பதித்து சிமெண்டைக் குறைக்கும் முறை ஆகியவை அவர் கையாண்டவை. பகலில் விளக்கும் விசிறியும் குறைவாகப் போதும். செங்கல்லும் சிமெண்டும் செய்ய எரித்த எரிபொருளையும் அவர் கணக்கில் சேர்த்தார். மூடிய கண்ணாடிக் கட்டடங்கள் நகரில் பெருகிய பிறகு அந்த வளாகத்தின் அருமை இன்னும் கூடியிருக்கிறது.

கேரளத்தின் மின்பயன்பாட்டில் ஏறத்தாழப் பாதி வீடுகளுடையது. பெரிய ஆலைகள் குறைவு. அதனால் மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை விளக்கு, டிவி, விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கி, தேவை செங்குத்தாக ஏறுகிறது. அந்த நான்கு மணி நேரத்துக்காகவே அதிக விலைக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. மாநிலத்தின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் வெளியிலிருந்துதான் வருகிறது. 2010-ல் வீட்டுக்கு இரண்டு குண்டு பல்புகளை வாங்கிக்கொண்டு, தலா 15 ரூபாய்க்கு இரண்டு சி.எஃப்.எல். விளக்குகளை மின்வாரியம் கொடுத்தது. ஒரு கோடிக்கு மேல் விளக்குகள் கைமாறின. 60 வாட் பல்பின் இடத்தில் 14 வாட் விளக்கு எரிந்தால் 46 வாட் மிச்சம். ஒரு கோடி விளக்குகளில் பாதி மட்டுமே ஒரே நேரத்தில் எரிகின்றன என்று வைத்துக்கொண்டாலும் 230 மெகாவாட் வருகிறது. அமைதிப் பள்ளத்தாக்குத் திட்டத்தின் திறனைப்போல ஏறத்தாழ இரு மடங்கு அது. ஒரு மரமும் வெட்டப்படவில்லை. 1979-ல் ஐவர் எழுப்பிய கேள்விக்குக் கேரளத்தின் வரவேற்பறைகள் இப்படி ஒரு விடை தந்தன. பிறகு அரசின் ஊர்ஜ கேரளா இயக்கத்தின் கீழ் எல்.இ.டி. விளக்குகள் மின்வாரியத்தின் மூலமே வீடுகளுக்குப் போயின.

இப்போது விளக்கின் இடத்தில் விசிறி நிற்கிறது. பழைய கூரை விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் வரை மிச்சம். ஒரு கோடி வீடுகளில் தலா ஒரு விசிறி மாறினால் 450 மெகாவாட். ஏ.சி. பெருகிவரும் மாநிலத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. 2024 மே மாத வெயிலில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. இரவு படுக்கும் நேரத்திலும் அந்த ஏற்றம் இறங்காமல் நீண்டது.

புதுவகை மின்சாரத்திலும் திருவனந்தபுரம் முன்னோடியாக ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 1991-ல் கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் நிலையம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியாளர்கள், பேராசிரியர்கள் வி.எஸ். ராஜு, எம். ரவீந்திரன் முதலியோர் அதை வடிவமைத்தார்கள். கான்கிரீட் பெட்டிக்குள் அலை ஏறி இறங்கும்போது மேலே அடைபட்ட காற்று உள்ளும் வெளியும் பாயும். எந்தத் திசையில் பாய்ந்தாலும் ஒரே பக்கம் சுழலும் வெல்ஸ் விசையாழி அதைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலை பலமாக அடிக்கும். மற்ற மாதங்களில் சோர்ந்துவிடும். சராசரி உற்பத்தி திறனைவிட மிகக் குறைவாகவே இருந்தது. பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் அது பயன்பட்டது. 2011-ல் மூடப்பட்டது. தொழில்நுட்பம் வேலை செய்வது ஒன்று, ஆண்டு முழுதும் கட்டுப்படியான விலையில் யூனிட் தருவது வேறொன்று என்ற பாடத்தை அது கொடுத்தது. அந்தச் சோதனை வீண் இல்லை. உலகில் இந்த வகையில் கடலில் நின்று உண்மையில் இயங்கிய தொடக்கக்கால நிலையங்களில் அது ஒன்று.

சூரியமின்சாரத்தின் கதை வேறு மாதிரி. 2015 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையம் 12 மெகாவாட் நிலையத்தோடு முழுக்கச் சூரிய ஆற்றலில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. 2017-ல் வயநாட்டின் பாணாசுர சாகர் நீர்த்தேக்கத்தில் 500 கிலோவாட் மிதக்கும் நிலையம் வந்தது. மாநிலத்தின் சௌரா திட்டம் 1,000 மெகாவாட் இலக்கு வைத்தது. அதில் பாதி கூரைகளில். 2024-ல் மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் கேரளத்துக் கூரைகள் வேகமாக நிரம்பின. நிலம் கிடைப்பது அரிதான மாநிலத்தில் கூரைதான் நிலம்.

இங்கேதான் மாலை 6 மணி மறுபடியும் குறுக்கிடுகிறது. சூரியன் தரும் மின்சாரம் நண்பகலில் உச்சம்; வீட்டின் தேவை இரவில் உச்சம். நெட் மீட்டரிங் முறையில் வீட்டுக்காரர் பகலில் பத்து யூனிட்டைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு இரவில் பத்து யூனிட்டைத் திரும்ப எடுத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. மின்வாரியத்துக்கு அப்படி ஆவதில்லை. மின்சந்தையில் வெயில் நேரத்து யூனிட் சில நாட்களில் இரண்டு மூன்று ரூபாய்க்கு விற்கும். மாலையில் அது உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும். அந்த வித்தியாசத்தைக் கூரையில் தகடு வைக்க வசதியில்லாத வாடகை வீட்டுக்காரரும் அடுக்குமாடியில் இருப்பவரும் சேர்ந்து சுமக்கிறார்கள். இன்னொரு பக்கம், அரசின் அழைப்பை நம்பிக் கடன் வாங்கித் தகடு போட்டவரிடம் பாதி வழியில் விதியை மாற்றுவதும் நியாயமில்லை. 2025-ல் ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதிகளின் வரைவை வெளியிட்டபோது சூரியமின் உற்பத்தியாளர்களான வீட்டுக்காரர்கள் பெரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரு தரப்புக்கும் உண்மை உண்டு. ஏற்கெனவே இணைந்தவர்களுக்குப் பழைய விதியைக் காப்பாற்றி, புதிதாக வருபவர்களுக்கு மாலையில் கொடுக்கும் யூனிட்டுக்குக் கூடுதல் விலை தருவதே நேர்மையான வழி. அப்படிச் செய்தால் வீட்டுக்காரர் தானாகவே பேட்டரி வாங்குவார்.

பேட்டரி பெரிய அளவிலும் வருகிறது. காசர்கோடு மாவட்டம் மைலாட்டியில் 125 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரக்கூடிய நிலையத்துக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. மாலை உச்சத்தின் நீளமும் அதே நான்கு மணி நேரம் என்பதைக் கவனித்தால், எதற்காக அந்த அளவு என்பது விளங்கும்.

கேரளத்திடம் ஏற்கெனவே ஒரு மாபெரும் பேட்டரி இருக்கிறது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் தண்ணீர் 650 மீட்டருக்கு மேல் கீழே விழுந்து மூலமற்றம் நிலையத்தை அடைகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுமார் ஒன்றரை யூனிட் தரும். நிரம்பிய நீர்த்தேக்கத்தில் 200 கோடி யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் மாநிலம் முழுவதும் அதை மட்டும் நம்பினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அதனால் அந்தத் தண்ணீரைப் பகலில் வீணாக்காமல் மாலைக்கும் கோடைக்கும் வைத்திருப்பதே கெட்டிக்காரத்தனம். அதற்குப் பகலில் வேறு மின்சாரம் வேண்டும். அது தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் கம்பத்திலும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே உடுமலையிலும் காற்றாலைகள் முழுமூச்சில் சுழல்கின்றன; சில நாட்களில் அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்த வேண்டிவருகிறது. அதை வாங்கிக்கொண்டு இடுக்கித் தண்ணீரைத் தேக்கிவைத்து, மார்ச், ஏப்ரல் மாலைகளில் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து நீர்மின்சாரம் திருப்பிக் கொடுத்தால் இரு மாநிலங்களுக்கும் ஆதாயம். பொருளுக்குப் பொருள் மாற்றுவது போன்ற இந்தக் கொடுக்கல்வாங்கல் கேரள மின்வாரியத்துக்குப் புதிதில்லை. வட மாநிலங்களோடு பல ஆண்டுகளாக அது செய்துவருவதுதான்.

கம்பித்தடமும் இப்போது இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுபோகும் உயர் அழுத்த நேர்மின்னோட்டத் தடம் 2021-ல் திறக்கப்பட்டது. கூடங்குளத்து மின்சாரத்தை வடக்கே எடுத்துச் செல்லும் இடமண் – கொச்சி தடம் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2019-ல் முடிந்தது. முல்லைப்பெரியாறு அணை விவகாரத்தில் இரு மாநிலங்களும் தண்ணீரைப் பற்றிப் பேசும் தொனியில் காற்றையும் தண்ணீரையும் சேர்த்துப் பேச முடியாது. ஆனாலும் பொறியியலில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

அணுமின்சாரத்தைப் பற்றிய விவாதமும் கேரளத்தில் அவ்வப்போது எழுகிறது. தொண்ணூறுகளில் கண்ணூர் மாவட்டம் பெரிங்கோமில் அணுமின் நிலையம் அமைக்கும் யோசனை மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அண்மையில் மாநில அரசு அணுமின் நிலையம் என்ற எண்ணத்தை மறுபடி ஆராய்ந்தது. அணுத்துறையிலேயே பணியாற்றி வெளியே வந்த பரமேஸ்வரன் போன்றவர்கள் அதன் விமர்சகர்களாக இருந்தது அந்த விவாதத்துக்கு ஆழம் கொடுத்தது. அதிரப்பள்ளி அருவிக்கு மேலே திட்டமிடப்பட்ட 163 மெகாவாட் நீர்மின் நிலையமும் அப்படியே கிடப்பில் இருக்கிறது. மக்கள் நெருக்கமாக வாழும் குறுகிய மாநிலத்தில் ஒவ்வொரு பெரிய நிலையமும் யாரோ ஒருவரின் வாசலில்தான் நிற்க வேண்டிவரும்.

2040-க்குள் முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவது, 2050-க்குள் கார்பன் சமநிலை எட்டுவது என்று கேரளம் இலக்கு வைத்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் மின் இணைப்பு என்ற இலக்கை அது 2017 மே மாதமே எட்டிவிட்டது. அடுத்த மாற்றம் வீட்டுக்குள் நடக்கிறது. மின்சார ஸ்கூட்டரும் ஆட்டோவும் பெருகுகின்றன. திருவனந்தபுரத்தின் நகரப் பேருந்துகளிலும் மின்பேருந்துகள் சேர்ந்துவிட்டன. வேலையிலிருந்து திரும்பியவர் இரவு 7 மணிக்குச் சார்ஜரைச் செருகினால் மாலை உச்சம் இன்னும் ஏறும். பின்னிரவில் செருகினால் அந்த உச்சம் ஏறாது. அடுப்பும் அப்படியே. அங்கன்வாடிகளில் கேஸுக்குப் பதிலாக மின்அடுப்பும் கூரையில் சூரியத் தகடும் பொருத்த ஆற்றல் மேலாண்மை மையம் எடுத்த முயற்சி அருமையானது. குழந்தைகளுக்கு மதிய உணவு சமைக்கும் நேரமும் வெயில் நேரமும் ஒன்றாக இருப்பதால் அங்கே பேட்டரியே தேவையில்லை.

நேரத்தை விலையில் காட்டும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. நாளைப் பகல், மாலை உச்சம், பின்னிரவு என்று மூன்றாகப் பிரித்து, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்குப் பகலில் சலுகையும் மாலை 6 முதல் 10 வரை கூடுதல் விகிதமும் விதிக்கப்படுகின்றன. இதற்கு நேரத்தைப் பதியும் மீட்டர் வேண்டும். மத்திய அரசு முன்வைத்த, தனியார் முதலீட்டில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி நடத்தும் முறையைக் கேரளம் ஏற்கவில்லை. மின்வாரியமே வாங்கிப் பொருத்தும் வழியைத் தேர்ந்தது. அதன் வேகம் குறைவாக இருந்தாலும் தரவும் மீட்டரும் பொதுத்துறையிடமே இருக்கும். 250 யூனிட்டுக்குக் கீழே இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த விலை வேறுபாடு இன்னும் பொருந்தவில்லை. அவர்களுக்கு அபராதம் வேண்டாம். பகலில் துணி துவைத்தால், பம்ப் ஓட்டினால் கிடைக்கும் சலுகையை மட்டும் அவர்களுக்கும் நீட்டிக்கலாம். கேரள ஆணையத்தின் முன் வரும் அடுத்த கட்டண விசாரணைகளில் ஆலோசகர்கள் வாதாட வேண்டிய அம்சம் இது.